டிவிடி டிரைவ்: உள்ளே பொருத்துவதா, வெளியே செருகுவதா? வாங்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கல்யாண வீடியோ டிவிடி, பழைய பாட்டு சிடி, ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். புதுக் கணினியில் அதைப் போட இடமில்லை. பாதிப் பேர் அதற்குள் ஒரு டிரைவை வாங்கியும் விட்டிருப்பார்கள். ஒருவருடையது சுழலத் தொடங்கி நின்றுவிடும். இன்னொருவருடையது கேபினெட்டுக்குள் நுழையவே நுழையாது. மூன்றாமவருடையது நன்றாகவே ஓடும், ஆனால் அவரிடம் இருக்கும் வட்டை அது படிக்காது.

பெரும்பாலும் டிரைவில் கோளாறு இருக்காது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள். முதலில் வட்டு, அடுத்து கணினி, அடுத்து மின்சாரம், அதன் பிறகுதான் டிரைவ். கீழே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதல் நான்கு படிகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு தாள், பேனா, அளவு நாடா, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நிமிர்த்திய பேப்பர் கிளிப் ஒன்று.

1. வட்டுகளைப் பரப்பி வகை பிரியுங்கள்

பீரோ, டிவி ஸ்டாண்டின் அடித்தட்டு, கல்யாண ஆல்பத்தின் பின்னுறை, மருத்துவ ஃபைல்கள் எல்லாவற்றிலும் தேடி எடுத்து ஓர் இடத்தில் சேருங்கள். ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் வையுங்கள். எந்த டிரைவ் வேண்டும் என்பதை இந்தக் குவியல்தான் சொல்லும். அதனால்தான் இது முதல் படி.

சிடியில் 700 எம்பி வரை இருக்கும். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஈரடுக்கு டிவிடி 8.5 ஜிபி. ப்ளூ-ரே ஓரடுக்கில் 25, ஈரடுக்கில் 50 ஜிபி. மூன்றுக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. டிவிடி டிரைவில் அந்த நீல ஊதா லேசர் கிடையாது. எந்த மென்பொருளைப் போட்டாலும் அதில் ப்ளூ-ரே ஓடாது. ப்ளூ-ரே டிரைவோ பொதுவாக மூன்று வகையையும் படிக்கும். குவியலில் ஒரே ஒரு ப்ளூ-ரே இருந்தாலும் தாளில் தனியாகக் குறியுங்கள்.

அளவையும் பாருங்கள். வழக்கமான வட்டு 12 செ.மீ. விட்டம். பழைய ஹேண்டிகேமில் போட்ட 8 செ.மீ. குட்டி டிவிடி சில வீடுகளில் இருக்கும். அது இருந்தால் வட்டை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவ் உங்களுக்கு ஆகாது. குட்டி வட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும், வெளியே எடுக்க டிரைவைப் பிரிக்க வேண்டிவரும். தட்டு வெளியே வரும் வகைதான் வேண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது. ஸ்டூடியோவில் கொடுத்த கல்யாண டிவிடியில் மணமக்கள் படம் போட்ட தாள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியது சற்றுக் கோணலாக இருந்தாலோ, ஓரம் எழும்பியிருந்தாலோ, வட்டு வேகமாகச் சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுத்து அதிரும். மெல்லிய லேப்டாப் வகை டிரைவ்களில் இந்த அதிர்வு கூடுதலாகத் தெரியும். எழும்பிய ஓரத்தை உரிக்காதீர்கள். சிடியில் தகவலைத் தாங்கும் பளபளப்புப் படலம் மேல்பக்க அச்சுக்கு உடனடியாகக் கீழே இருக்கிறது. ஸ்டிக்கரை இழுத்தால் அதுவும் பிய்ந்துவரும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு 0.6 மி.மீ. பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் ஆபத்து குறைவு. என்றாலும் உரிக்க வேண்டாம்.

கடைசியாக எண்ணுங்கள். வகைவாரியாக எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள். ஆறாம் படியில் முடிவைச் சொல்லப்போவது இந்த எண்தான்.

2. படிக்க மட்டுமா, எழுதவும் வேண்டுமா?

இன்று கடையில் கிடைக்கும் டிவிடி டிரைவ்கள் ஏறக்குறைய எல்லாமே எழுதவும் செய்யும். ஆகவே சிடி, டிவிடியோடு நின்றுவிடுபவர்கள் இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

ப்ளூ-ரே வேண்டுமா என்பதில்தான் பணம் வீணாகிறது. டிவிடி ரைட்டரைப் போலப் பல மடங்கு விலை. “இருக்கட்டுமே, பின்னாடி உதவும்” என்று வாங்கி, ஒரு ப்ளூ-ரே வட்டைக்கூடத் தொடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் ப்ளூ-ரே வட்டு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கையில் இருப்பது ப்ளூ-ரே சினிமா என்றால் இன்னொரு எச்சரிக்கை. டிரைவ் இருந்தால் மட்டும் படம் ஓடாது. பூட்டுப் போட்ட ப்ளூ-ரே படத்தை விஎல்சி என்ற இலவச ப்ளேயர் தானாக ஓட்டாது, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டும். 4கே ப்ளூ-ரே என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அதை ஓட்டும் மென்பொருள் இன்டெல் ப்ராசசரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதியைக் கேட்கும். மேசைக்கணினிகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. படம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் டிவியோடு இணைக்கும் ப்ளூ-ரே ப்ளேயரே நல்லது.

குடும்பப் படங்களை வட்டில் எழுதி நெடுநாள் வைக்க நினைப்பவர்கள் எம்-டிஸ்க் என்ற வகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 4.7 ஜிபி எம்-டிஸ்க் டிவிடியை எழுத, அந்தச் சின்னம் போட்ட டிரைவ் வேண்டும். எழுதிய பின் சாதாரண டிவிடி டிரைவே அதைப் படிக்கும். சோனி எழுதும் வகை ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே வெற்று வட்டு ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு ரைட்டரை வாங்குங்கள்.

3. கணினியின் உள்ளே பாருங்கள்

லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்கள் நான்காம் படிக்குப் போகலாம்.

மேசைக்கணினி என்றால் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். மூன்று விஷயங்கள் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே பொருத்தும் டிரைவ் நடக்காது.

முதலாவது, இடம். உள்டிரைவ் 146 மி.மீ. அகலம், ஏறத்தாழ 41 மி.மீ. உயரம். அதற்கென்று முன்பக்கம் வாயுள்ள அறை இருக்க வேண்டும். கடைக்காரர்கள் ஐந்தேகால் இஞ்ச் பே என்பார்கள். முகப்பில் கண்ணாடியும் மின்விசிறிகளும் வைத்த புதுக் கேபினெட்டுகளில் இந்த அறை பெரும்பாலும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிலவற்றில் முகப்பு மூடிக்குப் பின்னால் அறை ஒளிந்திருக்கும், சிலவற்றில் மூடி இருக்கும், அறை இருக்காது. ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். டிரைவே சுமார் 17 செ.மீ. நீளம், அதன் பின்னால் கேபிள் வளைய இன்னும் நாலு விரல் இடம் வேண்டும்.

இரண்டாவது, மதர்போர்டில் காலியான சாட்டா போர்ட், டிரைவின் தகவல் கேபிளைச் செருகும் இடம். ஆங்கில எல் எழுத்து வடிவத்தில் சின்ன வாய். காலியாக இருப்பதாலேயே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் சேமிப்பு அட்டை) போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். எந்த எண் போர்ட் அணையும் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். இதைப் பார்க்காமல், “டிரைவ் டெட்” என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஒரு தம்பியின் டிரைவைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினேன். அடுத்த நிமிடமே தட்டு திறந்தது.

மூன்றாவது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வரும் காலியான சாட்டா மின்கேபிள், பட்டையாக 15 முனை உள்ளது. இல்லையென்றால் மோலெக்ஸ் என்ற பழைய வகை மின்முனையிலிருந்து சாட்டாவாக மாற்றும் கேபிள் கிடைக்கும். அதில் முனை முழுக்க ஒரே வார்ப்பாக பிளாஸ்டிக் ஊற்றியதை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு உருகியதுண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக நுழைவது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள்.

இதோடு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கேபிள் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்து இதில் செருகாதீர்கள். டிரைவ் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தக் கம்பியில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொருந்திவிடும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவ் எரிந்துவிடும்.

4. யூஎஸ்பி மின்சாரக் கணக்கு

வெளியே செருகும் மெல்லிய டிரைவ்களுக்குத் தனி அடாப்டர் கிடையாது. தகவலும் மின்சாரமும் ஒரே யூஎஸ்பி கேபிளில்தான். இங்கேதான் புதிதாக வாங்கியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. யூஎஸ்பி 3.0 என்றால் 900. மெல்லிய டிரைவ் வட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியிலும், எழுதும்போதும் 1 ஆம்பியர் பக்கம் இழுக்கக்கூடும். மின்சாரம் போதாவிட்டால் என்ன நடக்கும் என்றால், விளக்கு எரியும், தட்டு திறக்கும், கணினியும் டிரைவைக் காட்டும். வட்டைப் போட்டதும் உய்ய்யென்று சுழலத் தொடங்கி, ‘டிக்’ என்று நின்று, மறுபடி தொடங்கும். டிரைவ் பழுது என்றே தோன்றும்.

ஆகவே வாங்கும் முன் உங்கள் கணினியின் போர்ட்களை எண்ணுங்கள். உள்நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. டைப்-சி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் அந்த முனையோடு வரும் டிரைவைத் தேடுங்கள், அல்லது நல்ல மாற்று முனை ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். மின்சாரம் தனியாகச் செருகாத மலிவு ஹப் வழியாக மாட்ட வேண்டாம். கீபோர்ட், மவுஸ், பென்டிரைவ் எல்லாம் அதே 500 அல்லது 900-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும்.

பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டும் இருக்கிறதா? இரண்டு முனை கொண்ட ஒய் கேபிள் வரும் டிரைவை வாங்குங்கள். ஒரு முனை தகவலுக்கும் மின்சாரத்துக்கும், மற்றது மின்சாரத்துக்கு மட்டும். இரண்டையும் செருக வேண்டும். இரண்டாவது முனையை “எக்ஸ்ட்ரா” என்று கட்டிச் சுருட்டி வைத்திருந்தவர்கள் பலரைப் பார்த்தேன்.

5. வேகக் கணக்கு

பெட்டியில் 24எக்ஸ், 8எக்ஸ் என்று போட்டிருப்பதை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. டிவிடியில் 1.385 எம்பி. ப்ளூ-ரேயில் 4.5 எம்பி. 48எக்ஸ் சிடி நொடிக்கு ஏழு எம்பி சொச்சம்தான். 8எக்ஸ் டிவிடி அதைவிட வேகம், நொடிக்கு 11 எம்பி.

மெல்லிய வெளிடிரைவ்கள் பொதுவாக டிவிடியில் 8எக்ஸ், சிடியில் 24எக்ஸ் வரை போகும். முழு உயர உள்டிரைவ்கள் (மூன்றாம் படியில் சொன்ன 41 மி.மீ. உயர வகையைத்தான் அப்படிச் சொல்கிறேன்) டிவிடி படிப்பதில் 16எக்ஸ், சிடியில் 48எக்ஸ். நிரம்பிய 4.7 ஜிபி வட்டைப் படிக்க 8எக்ஸில் கணக்குப்படி ஏழு நிமிடம், 16எக்ஸில் மூன்றரை. அந்த வேகம் வட்டின் வெளி ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் உண்மையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும்.

யூஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு முப்பது முப்பத்தைந்து எம்பி கடத்தும். சிடிக்கும் டிவிடிக்கும் அது தாராளம். “யூஎஸ்பி 3.0 டிவிடி ரைட்டர்” என்று கூடுதல் விலை கேட்டால் வேகத்துக்காகக் கொடுக்க வேண்டாம். ப்ளூ-ரே 6எக்ஸில் 27 எம்பி, 16எக்ஸில் 72 எம்பி. அங்கே மட்டும் 3.0-ஓ சாட்டாவோ தேவை.

6. இப்போது முடிவெடுங்கள்

தாளைப் பாருங்கள்.

லேப்டாப் மட்டும் இருக்கிறது, அல்லது கேபினெட்டில் அறை இல்லை என்றால் வெளிடிரைவ்தான். யோசிக்க ஒன்றுமில்லை.

அறை இருக்கிறது, ஆனால் வட்டுகள் பத்து இருபதுதான், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் சிடி பார்க்கத்தான் என்றால் அப்போதும் வெளிடிரைவே என் தேர்வு. வேலை முடிந்ததும் கழற்றி, தூசி படாமல் பீரோவில் வைக்கலாம். தங்கச்சி வீட்டு லேப்டாப்புக்கும் கொண்டுபோகலாம். உள்ளே பொருத்தி வருடக்கணக்கில் பயன்படுத்தாத டிரைவின் லென்ஸில் தூசி படிந்து, தேவைப்படும் நாளில் அது படிக்காது.

அறை இருக்கிறது, ஐம்பதுக்கு மேல் வட்டுகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்றால் உள்டிரைவ் வாங்குங்கள். அறுபது டிவிடியை மெல்லிய டிரைவில் ஏற்ற, ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலே பத்து மணி நேரம். முழு உயர டிரைவில் ஏறக்குறைய பாதி. நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உள்டிரைவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தனியாக வருகிறது. வட்டை மேலிருந்தும் கீழிருந்தும் அழுத்திப் பிடிக்கும் அமைப்பும் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டிய, லேசாக வளைந்த, கீறல் விழுந்த வட்டுகளை என் கையில் முழு உயர டிரைவ்கள்தான் அதிகம் படித்துக் கொடுத்திருக்கின்றன. விலையும் வெளிடிரைவைவிடக் குறைவாகவே இருக்கும்.

வட்டுகள் நிறைய, கேபினெட்டில் அறை இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: முழு உயர உள்டிரைவையே வாங்கி, 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி மாற்றியில் மாட்டி, மேசைமேல் வைத்து வேலையை முடியுங்கள். பார்க்க அழகாக இருக்காது. வேலை நடக்கும். மாற்றியில் 12 வோல்ட் அடாப்டர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். எஸ்எஸ்டிக்கென்று விற்கும், யூஎஸ்பி மின்சாரம் மட்டும் தரும் மாற்றியில் இந்த டிரைவ் அசையாது.

7. பழைய லேப்டாப் டிரைவ் கையில் இருந்தால்

பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டவர்கள் வீட்டில் அந்த டிரைவ் சும்மா கிடக்கும். அதற்கென்று யூஎஸ்பி கூடு கிடைக்கிறது. புது வெளிடிரைவைவிட மலிவு.

கூட்டை வாங்கும் முன் டிரைவின் தடிமனை அளக்க வேண்டும். 12.7 மி.மீ. ஒரு வகை, 9.5 மி.மீ. இன்னொரு வகை. 12.7 டிரைவ் 9.5 கூட்டில் நுழையாது. 9.5 டிரைவ் பெரிய கூட்டில் ஆடும். பின்முனையையும் பாருங்கள். மெல்லிய சாட்டாவில் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 6 என இரண்டு பட்டை முனைகள் இருக்கும். இன்னும் பழைய டிரைவ்களில் ஒரே அடர்ந்த முனை இருக்கும், அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. அதற்கான கூடு வேறு.

8. கடையில் பார்க்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பெயர் தெரியாத மலிவு டிரைவில் ஒரு சிக்கல் உண்டு. பளபளப்பான புதுக் கூட்டுக்குள் பயன்படுத்தித் தேய்ந்த லேப்டாப் டிரைவ் இருப்பதை நான் பிரித்தே பார்த்திருக்கிறேன். பிரிக்காமலும் கண்டுபிடிக்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிவிடி டிரைவ் வரியைப் பாருங்கள். உள்ளிருக்கும் டிரைவின் உண்மைப் பெயர் அங்கே பெரும்பாலும் வரும். எச்எல்-டிடி-எஸ்டி என்று தொடங்கினால் ஹிட்டாச்சி-எல்ஜி தயாரிப்பு, மாட்ஷிட்டா என்றால் பானசோனிக். டிஎஸ்எஸ்டிகார்ப் என்று வந்தால் தோஷிபா-சாம்சங் கூட்டு நிறுவனத்தின் பழைய டிரைவ், புதுசு என்று விற்றால் கேள்வி கேளுங்கள்.

கேபிள் டிரைவோடு நிலையாகப் பிணைந்திருக்கிறதா, கழற்றக்கூடியதா என்றும் பாருங்கள். பிணைந்த குட்டைக் கேபிள் பழுதானால் டிரைவே போனது போல. கழற்றக்கூடியதையே நான் வாங்கச் சொல்வேன்.

ஆப்பிளின் சூப்பர்டிரைவ் பழைய பொருளாக விற்பனைக்கு வரும். விண்டோஸ் கணினியில் அதைச் செருகினால் தானாக வேலை செய்யாது. மேக்கிலும் ஹப் வழியாக இல்லாமல் நேராகச் செருக வேண்டும். இழுத்துக்கொள்ளும் வாய் என்பதால் 8 செ.மீ. வட்டு போடக் கூடாது. மேக் வைத்திருப்பவர்களும் சாதாரண யூஎஸ்பி டிவிடி ரைட்டரையே வாங்கலாம், மேக்ஓஎஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

9. உள்டிரைவைப் பொருத்துதல்

ப்ளக்கைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

முகப்பு மூடியை உள்ளிருந்து தள்ளி எடுத்து, டிரைவை வெளியிலிருந்து உள்ளே செலுத்துங்கள். உள்ளிருந்து முன்னே தள்ள முயன்று ரேம் மேல் இடித்தவர்கள் உண்டு. முகப்பு மட்டமாக வந்ததும் ஸ்க்ரூ போடுங்கள். இதற்கு எம்3 என்ற நுண்ணிய மரை கொண்ட குட்டை ஸ்க்ரூ. 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் முரட்டு மரை ஸ்க்ரூவை இதில் திருகினால் மரை தேய்ந்துபோகும். விரலால் இரண்டு சுற்று சுலபமாக ஏறவில்லை என்றால் அது தவறான ஸ்க்ரூ.

பிறகு தகவல் கேபிள், மின்கேபிள். எல் வடிவத்தைப் பார்த்து நேராகச் செருகுங்கள், அழுத்தித் திணிக்க வேண்டாம். பக்கவாட்டுத் தகட்டை மூடும் முன் கணினியை ஒருமுறை ஓட்டி, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மூடிய பின் வரவில்லை என்றால் இரட்டை வேலை.

10. வெளிடிரைவைப் பொருத்துதல்

மட்டமான மேசையில் வையுங்கள். மெத்தை, மடி வேண்டாம். சுழலும்போது டிரைவைத் தூக்கினாலோ சாய்த்தாலோ வட்டு உள்ளே உரசி வட்டமாகக் கோடு விழும். துடைத்துப் போக்க முடியாத கீறல் அது.

மேசைக்கணினி என்றால் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே நீளமான கம்பி ஓடுவதால் மின்னழுத்தம் சற்றுக் குறையும்.

வட்டைப் போடும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. மெல்லிய டிரைவின் நடுவில் மூன்று சின்னப் பற்கள் கொண்ட குமிழ் இருக்கும். ஒரு கையைத் தட்டுக்கு அடியில் தாங்கக் கொடுத்து, வட்டின் நடுப்பகுதியை இரண்டு விரலால் அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று பிடிக்க வேண்டும். முழு உயர டிரைவில் வட்டைத் தட்டில் வைத்தால் போதும், அந்தப் பழக்கத்தில் இதிலும் வெறுமனே வைத்து மூடுகிறார்கள். பிடிக்காத வட்டு உள்ளே கழன்று கரகரவென்று உரசும்.

11. முதல் நாளே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஒரு சிடி, கடையில் வாங்கிய அச்சு டிவிடி ஒன்று, ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடி ஒன்று என மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும் என்று கொள்ளக் கூடாது. சிடிக்கும் டிவிடிக்கும் லேசர் வேறு என்று முன்பே சொன்னேன். ஒன்று பலவீனமாக இருந்தால் டிவிடி ஓடும், சிடி ஓடாது.

வட்டைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். வட்டு உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் படிக்கப்படுகிறது. ஃபோல்டர் பட்டியல் உள்விளிம்பில் இருப்பதால் எந்த டிரைவும் அதைக் காட்டிவிடும். தடுமாற்றம் வெளிவிளிம்பில்தான் தெரியும்.

ஒரு வெற்று டிவிடியையும் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் தேர்வை இயக்குங்கள். படிப்பதைவிட எழுத அதிக மின்சாரம் வேண்டும் என்பதால் நான்காம் படியில் செய்த கணக்கு சரியா என்பது இங்கேதான் தெரியும்.

தட்டு திறக்காமல் அடம்பிடித்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முகப்பில் உள்ள ஊசித்துளையில் பேப்பர் கிளிப்பை நேராக நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள். கத்தியால் நெம்ப வேண்டாம்.

12. டிரைவ் நன்றாக இருந்தும் பழுது என்று தோன்றும் இடங்கள்

பாட்டு சிடியை நகலெடுத்தேன், ஒன்றும் ஓடவில்லை. இதுதான் அடிக்கடி வரும் புகார். விண்டோஸ் ஆடியோ சிடியில் காட்டும் .சிடிஏ கோப்புகள் ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது, பாட்டு இல்லை. இழுத்துப் போட்டு நகலெடுத்துவிட்டு, சிடியைத் தூக்கிப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். விண்டோஸ் மீடியா ப்ளேயரின் ‘ரிப்’ வசதியையோ, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளையோ பயன்படுத்துங்கள். இரண்டாவது, கீறல் உள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். மெதுவாகப் போகும், பொறுங்கள்.

டிவிடி படம் ஓடவில்லை. விண்டோஸ் 8 முதல் மீடியா ப்ளேயர் டிவிடி படங்களை ஓட்டாது. விஎல்சி போட்டுப் பாருங்கள்.

மண்டலம் கேட்கிறது. டிவிடியின் பின்னட்டையில் உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். எந்த நாடுகளுக்கான டிவிடி என்று சொல்லும் மண்டல எண் அது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5. வெளிநாட்டிலிருந்து வந்த டிவிடியைப் போடும்போது டிரைவின் மண்டலத்தை மாற்றவா என்று கேட்டால் யோசிக்காமல் சரி கொடுக்காதீர்கள். 5 முறைதான் மாற்ற முடியும். கடைசியாக வைத்த மண்டலத்திலேயே டிரைவ் நின்றுவிடும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் மாறாது.

ஹேண்டிகேம் டிவிடி வெறுமையாகத் தெரிகிறது. அந்தக் கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டிருப்பார்கள். கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு முடித்துவிடலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் மென்பொருள் பல நேரம் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். வெறுமை என்று நம்பி அதன்மேல் எதையும் எழுதிவிடாதீர்கள்.

நான் எழுதிய வட்டு டிவி ப்ளேயரில் ஓடவில்லை. வெற்று வட்டைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி கேட்கும். பென்டிரைவ் போலப் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்திருப்பீர்கள். மற்ற சாதனங்களில் ஓட வேண்டும் என்றால் சிடி, டிவிடி ப்ளேயருக்கு என்று இருக்கும் இரண்டாவது வழிதான்.

ஸ்கேன் சிடியில் படம் திறக்கவில்லை. அதில் இருப்பவை டைகாம் என்ற மருத்துவப் பட வகைக் கோப்புகள், சாதாரணப் படம் திறக்கும் மென்பொருள் அவற்றைக் காட்டாது. வட்டிலேயே ஒரு பார்வை மென்பொருள் இருக்கும், பெரும்பாலும் விண்டோஸுக்கு. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வீசிஸ் போன்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். நகலெடுக்கும்போது வட்டில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரே ஃபோல்டருக்குள் எடுங்கள். டைகாம்டிர் என்ற சின்னக் கோப்பு படங்களின் வரிசையைச் சொல்லும் அட்டவணை. அது விடுபட்டால் டாக்டரின் கணினியில் எந்தப் படம் எந்த வரிசை என்று தேடும் நிலை வரும்.

பாதியில் நின்றுவிடும் வட்டு. முதலில் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே அமைந்து, ஒரே இடத்தில் நீளமாகச் சேதமாகும். குறுக்குக் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். அப்படியும் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட வட்டை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடப்பதுதான். அதனால்தான் என் மேசையில் முழு உயர டிரைவ் ஒன்றும் மெல்லிய டிரைவ் ஒன்றுமாக இரண்டு வைத்திருக்கிறேன். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், முதல் டிரைவில் கிடைத்ததை வைத்துக்கொண்டு விடுபட்ட துண்டுகளை மட்டும் இரண்டாவது டிரைவில் முயலலாம். எது கிடைத்தது, எது விடுபட்டது என்று அது எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பை இரண்டு முறையும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும்.

நகலெடுத்து முடித்த ஒவ்வொரு வட்டின் உறையிலும் தேதியைக் குறித்து, குவியலின் மறுபக்கம் வையுங்கள். கோப்புகளைத் திறந்து, கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்காமல் எந்த வட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.